எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் குளிசை

பிள்ளைகளின் உயரமும் நிறையும் பார்ப்பதற்காகச் சுகாதாரத் தாதி எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்த காலையில்தான் எனக்குப் பிரசர் இருப்பது தெரியவந்தது. பிள்ளைகளின் வேலை முடிந்து அவர் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். மேசையில் பிரசர் பார்க்கும் மெசின் கிடந்தது. ஆசிரியைகள் சும்மா விளையாட்டாகக் கையை நீட்டினார்கள். நானும் நீட்டினேன். தாதி ஒருமுறை பார்த்துவிட்டு மற்றக் கையைக் கேட்டார்.

"மெசினிலை பிழையோ தெரியேல்லை, ரீச்சர். கொஞ்சம் இருந்து ஆறுங்கோ."

ஆறியிருந்து பார்த்தபோதும் அதே கணக்குத்தான். தலையிடி இருந்ததா, கண் மங்கினதா, கால் வீங்கினதா என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். வீட்டுக்குப் போன பிறகுதான் பின்னேரங்களில் செருப்புப் பட்டி காலில் பதிந்து கிடப்பது நினைவுக்கு வந்தது. அதை நான் செருப்பின் பிழை என்று நினைத்துப் புதுச் செருப்பு வாங்கியிருந்தேன்.

நான் கோப்பாயில் இருக்கிறேன். சுகாதாரமும் உடற்கல்வியும் படிப்பிக்கிறேன். இந்தக் கதைக்கு அது முக்கியம். எத்தனையோ வருடங்களாகக் கரும்பலகையில் "நோய் எதிர்ப்புச் சக்தியை அதிகரிக்கும் உணவுகள்" என்று தலைப்பு எழுதி, கீழே கோடு போட்டு, முருங்கையிலை, நெல்லிக்காய், தேசிக்காய் என்று எழுதிக்கொண்டே போனவள் நான். பெருந்தொற்றுக் காலத்தில் அயலட்டைக்கெல்லாம் நானே போய்ச் சொன்னேன். எதிர்ப்புச் சக்தி கூடக் கூட நல்லது என்பதில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை.

கிளினிக்கில் சிறுநீரைச் சோதித்தார்கள். அதில் புரதம் போகிறது என்றார்கள். நுரை வருகிறதா என்று டொக்டர் கேட்டா. என் மகளைவிட ஐந்தாறு வயது கூட இருக்கலாம், அவ்வளவுதான். நுரை வருவது உண்மைதான், மலசலகூடம் கழுவுகிற திரவத்தால் வருகிறது என்று நினைத்திருந்தேன் என்றேன். அவ சிரிக்கவில்லை.

"பிரசர் கூடிச் சிறுநீரகம் பழுதாகிறதும் இருக்கு, சிறுநீரகம் பழுதாகிப் பிரசர் கூடுறதும் இருக்கு, ரீச்சர். உங்களுக்கு எது முந்தினது எண்டு பார்க்கவேணும்."

"எது முந்தினா என்ன டொக்டர், ரெண்டும் இருக்குத்தானே?"

"மருந்து வேறை."

அதற்காகத்தான் பயொப்சி செய்தார்கள். குப்புறப் படுக்கவைத்து, வயிற்றின் கீழே துவாயைச் சுருட்டி வைத்து, மூச்சைப் பிடி என்றார்கள். பிடித்தேன். முதுகில் ஊசித் துப்பாக்கி ஒன்று 'டிக்' என்று சத்தம் போட்டது. எனக்குள்ளிருந்து நூல் துண்டு மாதிரி ஒன்றை எடுத்துப் போத்தலில் போட்டார்கள். அன்று முழுதும் அசையாமல் மல்லாந்து கிடந்தேன். என் கணவர் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைக்க ஆள் வந்ததா என்று தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் தோட்டக்காரர். பயம் வந்தால் தோட்டத்தைப் பற்றித்தான் கதைப்பார்.

முடிவு வந்த அன்று டொக்டர் ஒரு தாளின் பின்பக்கத்தில் படம் கீறி விளங்கப்படுத்தினா.

"தொண்டைநோ, சளி எண்டு வரேக்கை உடம்பு அதை எதிர்க்க ஒரு புரதத்தை உண்டாக்கும். மற்ற ஆக்களுக்கு அது வேலை முடிய இல்லாமல் போயிடும். உங்களுக்கு அது கொஞ்சம் பிழையான மாதிரி உருவாகி, சிறுநீரகத்தின்ரை வடிகட்டியிலை போய்ப் படியுது. அது படிஞ்ச இடத்துக்கு எதிர்ப்புக் கலங்கள், வெள்ளை அணுக்கள் எல்லாம் போகுது. போய் அங்கை வீக்கத்தை உண்டாக்குது. சிறுநீரகம் உப்பை வெளியிலை விடாமல் பிடிச்சு வைக்கத் தொடங்கும். அதாலைதான் பிரசர்."

"அப்ப கிருமி ஒண்டும் இல்லையோ?"

"இல்லை. உங்கடை எதிர்ப்புச் சக்திதான்."

"என்ரை எதிர்ப்புச் சக்தி குறைஞ்சு போச்சோ?"

"இல்லை ரீச்சர். குறையேல்லை. பிழையான இடத்திலை வேலை செய்யுது. நாங்கள்தான் அதைக் குறைக்கப் போறம்."

எனக்கு விளங்கவில்லை. விளங்கவில்லை என்றால் சொற்கள் விளங்கவில்லை என்பதல்ல. கலம், புரதம், வீக்கம் எல்லாம் நான் படிப்பிக்கிற சொற்கள்தான். அவற்றை டொக்டர் அடுக்கியிருந்த ஒழுங்குதான் தலைகீழாகக் கிடந்தது. வீட்டுக்கு வருகிற வழியில் பஸ்ஸில் கணவர் கேட்டார்.

"என்னவாம்?"

"எனக்கு எதிர்ப்புச் சக்தி கூடிப்போச்சாம்."

"அது நல்லதுதானே?"

"நல்லதில்லையாம்."

அவர் என் பக்கம் திரும்பினார். "வடிவாய் விளங்கிக் கேட்டனியோ?" என்றார்.

எனக்கு ஒரு அக்கா இருக்கிறா. அடுத்த வளவில் தனியே இருக்கிறா. அவவின் ஒரே மகன் கனடாவில் ஆராய்ச்சி செய்கிறான். அக்கா என்னைவிட நிறைய மூத்தவ. அம்மா இல்லாத வீட்டில் என்னை வளர்த்தவ. என் வருத்தத்தையும் அதற்குத் தந்த மருந்தையும் பற்றிக் கேட்டதும் படலையைத் திறந்துகொண்டு வந்தா.

"எடி பிள்ளை, ஒருத்தின்ரை பெலத்தைக் குறைக்கிறதுக்கும் மருந்து குடுப்பாங்களோ? இந்தக் காய்ச்சல் காலத்திலை? உனக்கு விசரோ, அந்த டொக்டர்ப் பெட்டைக்கு விசரோ?"

அடுத்த நாள் காலை சீந்தில் கொடியை இடித்து அவித்த குடிநீர் கொண்டுவந்தா. சீந்தில் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும். நானே வகுப்பில் சொன்னதுதான். கணவர் அதைப் பார்த்துவிட்டு, "டொக்டர் குறைக்கச் சொல்லுறா, நீங்கள் கூட்டுறியள்" என்றார். அக்கா அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "குடி" என்றா.

நான் குடித்தேன். அதற்கு முன்னரே டொக்டர் தந்த குளிசைகளைப் போட்டிருந்தேன். ஒன்று சக்தியைக் கீழே இழுக்கும், மற்றது மேலே தள்ளும். இரண்டையும் விழுங்கிவிட்டு, ஒன்றை ஒன்று வெட்டி நடுவில் எங்கோ சமாதானமாக நிற்கும் என்று நினைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். அக்காவுக்கும் மறுப்புச் சொல்லவில்லை, டொக்டருக்கும் மறுப்புச் சொல்லவில்லை என்பதில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது.

குளிசைகளில் ஒன்று ஸ்டீரொய்ட். அது செய்த வேலையை என்னால் இன்றும் சரியாகச் சொல்ல முடியவில்லை. பசி என்றால் அப்படியொரு பசி. பேக்கரியில் பாண் வாங்கினால் வீட்டுக்கு வருமுன் நுனியைக் கிள்ளித் தின்பேன். காரணமில்லாமல் சந்தோசம் வரும், அடுத்த நிமிடம் சட்டி கழுவும்போது கண்ணீர் ஓடும். முகம் உருண்டுவிட்டது. பள்ளிக்கூடத்தில், "ரீச்சர் இப்பதான் வடிவாய் இருக்கிறியள், பூரிச்சுப் போனியள்" என்றார்கள். வருத்தம் இல்லாமல் இருந்தபோது ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை.

அடுத்த கிளினிக்கில் பிரசர் இன்னும் ஏறியிருந்தது. நான் பயந்துபோனேன்.

"உது அந்தக் குளிசையாலைதான்" என்றா டொக்டர் அமைதியாக. "ஸ்டீரொய்ட் பிரசரைக் கூட்டும்."

"பிரசர் கூடாமல் இருக்கத்தானே அதைத் தந்தனியள்?"

"ஓம். சிறுநீரகத்துக்குள்ளை இருக்கிற வீக்கம் அடங்கினால் பிறகு பிரசரும் அடங்கும். அது மட்டும் குளிசை கொஞ்சம் கூட்டும். கூடுறதைக் குறைக்க வேறை குளிசை தாறன். உப்பைக் குறையுங்கோ."

நான் ஓம் என்று தலையாட்டினேன். வெளியே வந்து மர வாங்கில் உட்கார்ந்தபோது தலையாட்டியது எதற்கு என்று எனக்கே தெரியவில்லை. பிரசரைத் தடுக்கும் மருந்து பிரசரைக் கூட்டுகிறது. நோயைத் தடுக்கும் சக்தி நோயாக இருக்கிறது. பக்கத்தில் இருந்த ஒரு அம்மா, கடற்கரைக் குருநகரில் இருந்து வந்தவ, கழுத்தில் செபமாலை போட்டிருந்தா. "நீங்களும் சிறுநீரகமோ பிள்ளை?" என்று கேட்டா. ஓம் என்றேன். "எனக்கு உப்பைக் கைவிடச் சொல்லிப்போட்டினம். எங்கடை வீட்டிலை காத்திலையும் உப்புத்தான். நான் எங்கை போறது?" என்றா. இருவரும் சிரித்தோம். எனக்கு அன்று அந்தச் சிரிப்புத்தான் மருந்து.

அந்த மாதம் பத்தாம் வகுப்புக்கு அதே பாடம் வந்தது. தலைப்பை எழுதிக் கோடும் போட்டேன். "அதிகரிக்கும்" என்ற சொல்லுக்கு முன்னால் சோக்கட்டியோடு நின்றேன். அழிக்கவா? அழித்து என்ன எழுதுவது? சோதனையில் கேட்டால் பிள்ளைகள் என்ன எழுதுவார்கள்? புத்தகத்தில் உள்ளபடியே படிப்பித்து முடித்தேன். மணி அடித்த பிறகும் கொஞ்ச நேரம் கதிரையில் இருந்தேன்.

எனக்கு ஒரே மகள். பல்கலைக்கழகத்தில் கணக்கியல் படிக்கிறாள். வீட்டு ஆக்களையும் ஒருமுறை சோதித்துப் பார்த்தால் நல்லது என்று டொக்டர் சொன்னபடியால் அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். பிரசர் சரியாக இருந்தது. சிறுநீரில் மட்டும் கொஞ்சம் இரத்தக் கலங்கள் தெரிவதாக எழுதியிருந்தது. நான் அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். என்னுடைய முடிவைக்கூட அப்படி வாசிக்கவில்லை.

"இது ஒண்டும் இல்லாமலும் இருக்கலாம்" என்றா டொக்டர். "மாதவிலக்குக் கிட்டடியிலை வந்ததெண்டால் இப்பிடிக் காட்டும். பிறகொருக்கால் பார்ப்பம்."

"இருந்தால்?"

"இருந்தாலும் இப்ப மருந்து தேவையில்லை. கவனிச்சுக்கொண்டு இருப்பம்."

"வராமல் தடுக்க ஒண்டும் இல்லையோ டொக்டர்? இப்பவே எதையாவது குடுத்து அந்தக் கலங்களை அங்கை போகவிடாமல் செய்யேலாதோ?"

அவ பேனையை மூடிவைத்துவிட்டு என்னைப் பார்த்தா. "அதைத்தான் உலகம் முழுக்க ஆராய்ச்சி செய்யினம், ரீச்சர். எனக்குத் தெரிஞ்சு இன்னும் இல்லை."

மகள் வெளியே வந்ததும் என் கையை உதறிவிட்டாள். "அம்மா, நான் இன்னும் நோயாளி இல்லை. நீங்கள் முகத்தை அப்பிடி வைச்சிருக்காதேங்கோ." முகம் உருண்டிருந்தது ஸ்டீரொய்டால் என்று சொல்ல வாய் வந்தது.

உலகம் முழுக்க என்று டொக்டர் சொன்னதும் எனக்கு அக்காவின் மகன் நினைவுக்கு வந்தான். அவன் என்ன ஆராய்ச்சி செய்கிறான் என்று எங்களில் ஒருவரும் வடிவாகக் கேட்டதில்லை. "எலிகளோடை ஏதோ" என்றுதான் அக்கா சொல்லுவா. அன்று பின்னேரம் அக்காவின் வீட்டுக்குப் போய்ப் படத்தோடு கதைக்கிற அழைப்பு எடுக்கச் சொன்னேன். அங்கே விடிந்த நேரம். அவன் பல்லுத் தீட்டிக்கொண்டே வந்தான். என் வருத்தத்தின் பெயரைச் சொன்னதும் பல்லுப் பிரஷை வாயிலிருந்து எடுத்துவிட்டான்.

"சின்னம்மா, நான் செய்யிறதே அதுக்குக் கிட்டத்தான். சிறுநீரகமும் பிரசரும்."

"எலிக்குப் பிரசர் எப்பிடிப் பார்ப்பியள்?" என்று கேட்டேன். ஏன் முதலில் அதைக் கேட்டேனோ தெரியவில்லை.

"வாலிலை. வாலுக்குச் சின்னப் பட்டி இருக்கு. எங்களுக்குக் கையிலை கட்டுற மாதிரி."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா.

அவன் ஆறுதலாகச் சொன்னான். எலிகளுக்கு உப்பு நிறையக் கொடுத்தால் பிரசர் ஏறும். ஏறும்போது பார்த்தால் சிறுநீரகத்துக்குள் எதிர்ப்புக் கலங்கள் போய்க் குவிந்திருக்கும். முந்தி அது பிரசரால் வந்த சேதம் என்று நினைத்தார்களாம். இப்போது அந்தக் கலங்களே பிரசரை ஏற்றுகின்றன என்று தெரிகிறதாம். அவற்றை வெளியே கொண்டுபோகிற மெல்லிய நிணநீர்க் குழாய்கள் சிறுநீரகத்தில் இருக்கின்றன. அந்தக் குழாய்களை முன்கூட்டியே பெருக்கிவிட்டால், அதே உப்பைத் தின்றாலும் எலிக்குப் பிரசர் அவ்வளவு ஏறுவதில்லை. வேறு சில இடங்களில் கலங்களைச் சாந்தப்படுத்துகிற வழியையும், ஊசி போட்டுத் தடுக்கிற வழியையும் தேடுகிறார்கள்.

"அப்ப அந்த ஊசியைப் பிள்ளைக்குப் போடேலாதோ?"

"சின்னம்மா, எலிக்குச் சரிவாறது எல்லாம் மனிசருக்குச் சரிவராது. அந்தக் கலங்களை ஒரேயடியாய் அடக்கினால் பிறகு காய்ச்சல், சளி எல்லாத்துக்கும் உடம்பு திறந்து கிடக்கும். எது வேணும், எது வேண்டாம் எண்டு பிரிச்சு அடக்கத் தெரியவேணும். எங்களுக்கு இன்னும் வடிவாய்த் தெரியாது."

"உனக்கும் தெரியாதோ?"

"எனக்கும்தான்."

அக்கா நடுவில் புகுந்தா. "நீ எலிக்குக் குடுக்கிறதைக் குடு. நான் அவளுக்குச் சீந்தில் குடுத்துக்கொண்டு வாறன்."

அவனுடைய முகம் மாறியது. "என்னத்தைக் குடுக்கிறியள்?"

"சீந்தில் குடிநீர். சக்திக்கு."

"அம்மா, அதை நிப்பாட்டுங்கோ."

"ஏன்ரா? உனக்கும் தந்துதானே வளர்த்தனான்."

"எனக்குத் தந்தது வேறை. அவவின்ரை எதிர்ப்புச் சக்தி ஏற்கெனவே கிளம்பித் திரியுது. நீங்கள் அதைத் தட்டி எழுப்பிக்கொண்டு இருக்கிறியள். சிலபேருக்கு உதாலை இப்பிடியான வருத்தம் கூடியிருக்கு. சின்னம்மாவுக்கும் கூடுமோ எண்டு எனக்குத் தெரியாது. ஆனால் பயமாய்க் கிடக்கு. நிப்பாட்டுங்கோ."

அக்கா தொலைபேசியை என் கையில் தந்துவிட்டுக் குசினிக்குள் போனா. சட்டியில் இருந்ததை வாழையடியில் ஊற்றுகிற சத்தம் கேட்டது. அடுத்த நாள் காலை படலை திறக்கவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. நான் போய்க் கூப்பிட்டபோது, "நீ ஓய்வாய் இரு. எனக்கு உதுகள் தெரியாது" என்றா. தாய் ஒருத்திக்கு மகன் சொல்வது உண்மையாக இருந்தாலும் அது எங்கே குத்தும் என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் யாருக்காகக் கவலைப்படுவது என்றுதான் தெரியவில்லை.

பிறகு சந்நிதிக் கோயில் திருவிழா வந்தது. சனம் கூடுகிற இடங்களுக்குப் போகவேண்டாம் என்று டொக்டர் சொல்லியிருந்தா. மகளுக்காக ஒரு நேர்த்திக்கடன் மனதில் கிடந்தது. ஓரமாக நின்று கும்பிட்டுவிட்டு வருவோம் என்று தொண்டைமானாற்றுக்குப் போனோம். ஓரம் என்று ஒன்று அங்கே இருக்கவில்லை. அன்னதானத்தில் இருந்து எழும்பும்போதே பக்கத்தில் இருந்தவர் இருமிக்கொண்டிருந்தார். சில நாளில் எனக்குக் காய்ச்சல் பிடித்தது. மூச்சு இழுத்தது. ஆஸ்பத்திரி வாட்டில் படுத்தேன். நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது, எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைத்திருப்பதால் உடம்பால் தள்ள முடியவில்லை என்றார்கள். அடக்குகிற குளிசைகளில் ஒன்றைக் கொஞ்ச நாளைக்கு நிற்பாட்டினார்கள்.

கண் திறந்தபோது அக்கா கட்டிலடியில் இருந்தா. எத்தனை நாள் கோபமோ அத்தனையும் முகத்தில் இருந்தது. கையில் கஞ்சி.

"நான் சொன்னன்தானே" என்றா மெதுவாக. "பெலத்தைக் குறைக்காதை எண்டு."

வந்த டொக்டரிடம் நானே கேட்டேன். "அக்கா சொல்லுறது சரியோ?"

டொக்டர் அக்காவைப் பார்த்தா. "ஒரு பக்கம் சரிதான், அம்மா. இந்த மருந்தின்ரை கஷ்டமே இதுதான். கூடக் குடுத்தால் இப்பிடி வரும். குறையக் குடுத்தால் சிறுநீரகம் போகும். நாங்களும் நடுவிலை ஒரு இடத்தைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறம்."

அக்கா வெற்றி பெற்றவள் மாதிரி நிமிர்வா என்று நினைத்தேன். அவ நிமிரவில்லை. டொக்டர் போன பிறகு, "அப்ப அவைக்கும் தெரியாதோ?" என்று என்னிடம் கேட்டா. குரலில் பயம் இருந்தது. சிறு வயதில் எனக்குக் காய்ச்சல் வந்த எந்த நாளிலும் அக்கா பயந்து நான் பார்த்ததில்லை. நான் அவவின் கையைப் பிடித்துக்கொண்டேன். கஞ்சியில் உப்பு இருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து மாதங்கள் போயின. குளிசைகளை மெல்ல மெல்லக் குறைத்தார்கள். சிறுநீரில் புரதம் குறைந்தது. பிரசர் இறங்கி, இறங்கின இடத்தில் நின்றது. முகமும் பழைய நீளத்துக்கு வந்தது. எது செய்தது என்று டொக்டரிடம் கேட்டேன். குளிசையாக இருக்கலாம், உப்பைக் குறைத்ததாக இருக்கலாம், சிலருக்குத் தானாகவும் அடங்கும் என்றா. சிறுநீரகத்தில் தழும்பு பட்ட இடம் மட்டும் திரும்ப வராதாம், அதனால் பிரசர்க் குளிசை ஒன்று தொடர்ந்து இருக்கட்டுமாம். கணவருக்கு உப்பில்தான் நம்பிக்கை. தான் உப்பில்லாத சோறு தின்றது வீண்போகவில்லை என்கிறார். அக்கா சந்நிதியான் என்கிறா. அந்தச் சந்நிதியில்தானே எனக்குக் காய்ச்சல் பிடித்தது என்று நான் சொன்னால், "அதுவும் அவன்தான்" என்கிறா. அக்காவின் மகனைக் கேட்டேன். "சின்னம்மா, உங்களைப்போல இன்னும் கனபேரைப் பார்த்தால்தான் சொல்லலாம். ஒரு ஆளை வைச்சு ஒண்டும் சொல்லேலாது" என்றான். நான் ஒரே ஒரு ஆள்தான். என்னால் வேறு என்ன செய்ய முடியும்?

மகளின் சிறுநீரைத் திரும்பச் சோதித்தபோது ஒன்றும் இல்லை. வருடத்துக்கு ஒருக்கால் பார்த்தால் போதும் என்றார்கள். ஒன்றும் இல்லை என்றால் இனி வராதா என்று கேட்டேன். அப்படியும் சொல்ல ஏலாது என்றார்கள். அவள் இதையெல்லாம் மறந்துவிட்டாள். நான் மறக்கவில்லை. அவள் தூங்கும்போது கால் வீங்கியிருக்கிறதா என்று பெருவிரலால் மெல்ல அமத்திப் பார்த்திருக்கிறேன். ஒருநாள் கண்டுபிடித்துவிட்டாள். "என்னம்மா செய்யிறியள்?" என்றாள். போர்வை விலகிக் கிடந்தது என்றேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அவளுடைய சிநேகிதப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். கிணற்றடியில் இருந்து மாங்காய் வெட்டி, மிளகாய்த் தூளும் உப்பும் தொட்டுத் தின்றுகொண்டிருந்தார்கள். தேங்காய்ச் சிரட்டையில் உப்பு குவித்து வைத்திருந்தது. நான் உடுப்புக் காயப்போடப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். போய்ச் சிரட்டையை எடுத்துவிடலாம். அவளுக்கு ஒன்றும் இல்லை, சாப்பிடட்டும் என்று விட்டும் விடலாம். இரண்டுக்கும் காரணம் இருந்தது.

"அம்மா, ஏன் நிக்கிறியள்? வாங்கோ" என்று அவள் ஒரு துண்டை நீட்டினாள்.

நான் போய் அவர்களோடு கிணற்றுக்கட்டில் இருந்தேன். உப்புத் தொடாத துண்டு ஒன்றை எடுத்துக் கடித்தேன். பல்லுக் கூசியது. அவள் தன் துண்டைச் சிரட்டைக்குக் கொண்டுபோனாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கொஞ்சமாக, மிகக் கொஞ்சமாகத் தொட்டுக்கொண்டாள். எனக்காகத்தான் செய்தாளா, அவளுக்கே பயம் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை.